கேட்ட கேள்விக்கு மட்டும்

ராக்ஸ்பரோ, மாண்ட்ரியல்
17 ஏப்ரல் 1978, திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனுசூயாவின் அநேக நமஸ்காரம். நாங்கள் மூவரும் சௌக்யம். மன்னியின் முழங்கால் வலி குறைந்ததா, கோவிந்துவின் கல்லூரி விஷயம் என்ன ஆயிற்று, இரண்டையும் முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எனக்கு ஜலதோஷம். இன்று ஆபீசுக்கு லீவு. வெளியே பனி உருகி ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை. பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்ததிலிருந்து இங்கிலீஷ்காரர்களும் அவர்களுடைய கம்பெனிகளும் டொராண்டோவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். கமலினிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சிலேயே சண்டை போட்டுவிட்டு வருகிறாள்.

ஒரு சட்டக் கேள்வி, அண்ணா. ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதமாட்டேன். கட்சிக்காரர் ரகசியத்தில் இங்கே மிகவும் கண்டிப்பு. அந்தக் கம்பெனி இனிமேல் எடுக்கும் ஆட்களில் பாதிப் பேரைக் கறுப்பர்கள், செவ்விந்தியர்கள், நம்மைப்போல் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று ஒதுக்கி எடுக்கப் போகிறது. ஒட்டாவாவின் மனித உரிமைச் சட்டம் போன மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. நிறத்தைப் பார்த்து வேலை கொடுக்கக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஒரு பிரிவினரின் பின்தங்கிய நிலையைக் குறைப்பதற்காகப் போடும் தனித் திட்டம் பாகுபாடு ஆகாது என்கிறது. இதன்மேல் இன்னும் தீர்ப்பு ஒன்றும் இல்லை. திட்டம் செல்லுமா என்று நான் எழுத்தில் அபிப்பிராயம் கொடுக்க வேண்டும்.

எங்கள் மேலாளர் வைலி என்னைக் கூப்பிட்டு, இதைப் பார்க்க உங்களைவிடப் பொருத்தமானவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் கையைப் பார்த்தார்.

உங்கள் மாப்பிள்ளை சௌக்யம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

தங்கள் அன்புத் தங்கை,
அனுசூயா


மேற்கு மாம்பலம், சென்னை
9 மே 1978

சௌபாக்யவதி அனுசூயாவுக்கு,

ஜம்புநாதன் ஆசீர்வாதம். மன்னிக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். கோவிந்துவுக்கு எஞ்சினியரிங் இடம் கிடைக்கவில்லை. அவனைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பி.எஸ்ஸி. சேர்த்திருக்கிறேன். உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். "அங்கேயும் வந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு மன்னி எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னும் அதைப் பற்றி என்னோடு பேசவில்லை.

நான் லா காலேஜில் படித்தபோது, காலேஜ் இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த கம்யூனல் ஜி.ஓ. மேல் வழக்கு நடந்தது உனக்கு ஞாபகமிருக்காது. அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நாங்கள் காபி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். அடுத்தாற்போல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் துறைமுகத் தொழிலாளர் வழக்குகளை இத்தனை வருஷம் நடத்திய பிறகு அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு சட்டம் படிக்கக் கூடாது என்று தெரிகிறது.

ஆகவே வக்கீலாகச் சொல்கிறேன். யாருக்கு ஒதுக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எதற்காக என்பதைக் கம்பெனி அழகாக எழுதிக் கொடுத்துவிடும். எந்த வேலையை ஒதுக்குகிறார்கள் என்று நீ எழுதவில்லை. அந்த இடத்துக்கு நேரில் போ. பார்த்த பிறகு அபிப்பிராயம் எழுது.

நீ திங்கட்கிழமை லீவில் இருந்தாய், சரி. மாப்பிள்ளை ஏன் திங்கட்கிழமை மத்தியானம் வீட்டில் ரேடியோ கேட்கிறார்? அவருக்கும் ஜலதோஷமா?

குழந்தைக்கு என் முத்தம்.

ஜம்புநாதன்


ராக்ஸ்பரோ
3 ஜூலை 1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். எல்லோரும் நலமே. கோவிந்துவை நினைத்து எனக்கும் வருத்தம். மன்னி என்மேல் கோபமாக இருந்தால் அதில் தப்பில்லை என்று சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி இடத்தைப் பார்த்தேன். அந்தக் கம்பெனி என்றே எழுதுகிறேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கத்துத் துறைமுகம். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறங்குகிறது, லாரியில் ஏறுகிறது. பத்துக் கப்பல் நின்றாலும் அங்கே கறுப்பு முகம் ஒன்று கிடையாது. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு மருமகன், அப்படித்தான் யூனியன் புத்தகத்தில் பெயர் ஏறுகிறது.

மனுப் போட்டவர்களில் லூசியன் என்று ஒருவர். ஹெய்ட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். மாண்ட்ரியல் நோரில் மனைவி சிமோனோடும் இரண்டு குழந்தைகளோடும் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். ஐந்து வருஷமாக அதே வாசலுக்கு வந்து திரும்பிப் போயிருக்கிறார். பெயர் எழுதிக்கொள்ளக்கூட யாரும் பேனா எடுக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னை 'மேத்ர்' என்றுதான் கூப்பிடுகிறார், இங்கே வக்கீலுக்கு அதுதான் மரியாதை. அவரோடு பேசியபிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. இப்படி அடைத்து வைத்த வாசலைத் திறக்கத்தான் அந்தப் பிரிவைச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். ஒதுக்கீடு செல்லும். மன்னி எனக்குக் கடிதம் எழுதாவிட்டாலும் செல்லும்.

ஆனால் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இப்படி எடுக்கப்படுகிறவர்கள் இரண்டு வருஷத்துக்குப் 'பயிற்சியாளர்'. யூனியன் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடையாது. மற்றத் தொழிலாளி ஆபத்து என்று நினைத்தால் வேலையை மறுக்கலாம். பயிற்சியாளர் மறுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஃபோர்மனிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாம் கிரேன் பழசு, போன இலையுதிர் காலத்திலிருந்து அதன் அடியில் வேலை செய்ய யூனியன் ஆட்கள் மறுக்கிறார்களாம். புது ஆட்களை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். "எங்கே ஆள் இல்லையோ அங்கே" என்றார்.

வீட்டில் அவருக்கு வேலை விஷயமாக ஒரு நல்ல சேதி வரும்போல் இருக்கிறது. வந்ததும் எழுதுகிறேன்.

தங்கள்,
அனுசூயா


மேற்கு மாம்பலம்
24 ஜூலை 1978

சௌ. அனுசூயாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. மற்றபடி குறைவில்லை.

நீ கண்டுபிடித்ததுதான் வழக்கு. பின்தங்கிய நிலையைக் குறைக்கிற திட்டத்துக்குத்தான் அந்தப் பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. ஒரு கையால் வேலை கொடுத்து, அதே நிறத்துக்காரனுக்கு மட்டும் மற்றவனுக்கு இருக்கும் பாதுகாப்பை இன்னொரு கையால் பறித்தால் அது புதிதாக ஒரு பாகுபாடு. அதற்கு அந்தப் பிரிவு குடை பிடிக்காது. இரண்டையும் ஒரே அபிப்பிராயத்தில் சேர்த்து எழுது. தனித்தனியாக எழுதாதே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று உன்னிடம் சொல்வார்கள். இங்கே ஹார்பரில் 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேரை எந்தெந்த வேலைக்குள் இறக்கினார்கள் என்பதை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்கள் என் ஆபீஸ் வாசலில் வந்து உட்காரும்.

நீ என்னிடம் எழுதுவது இளைய வக்கீல் மூத்த வக்கீலிடம் ஆலோசனை கேட்பது. அந்த அளவில் நிறுத்து. வேறு யாரிடமும் வாய் திறக்காதே.

ஒன்று கேட்கிறேன், பதில் வேண்டும். மாப்பிள்ளைக்கு வரப்போகிற நல்ல சேதி எங்கிருந்து வருகிறது? போன கடிதத்தில் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

ஜம்புநாதன்


ராக்ஸ்பரோ
2 அக்டோபர் 1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மரங்களெல்லாம் சிவந்துவிட்டன.

அபிப்பிராயம் கொடுத்துவிட்டேன். ஒதுக்கீடு செல்லும், பயிற்சியாளர் வாசகம் செல்லாது, அது இருக்கிறவரை திட்டம் முழுவதும் ஆட்டம் காணும் என்று எழுதினேன். வைலி நிதானமாகப் படித்தார். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாவது பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "நாங்கள் கேட்டது முதல் கேள்விதான். இதை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் கலந்து பேசுங்கள்" என்றார். வீட்டில் என்று ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அதுவும் பாதிதான். யூனியன் ஆட்களின் பிள்ளைகளுக்கு வரவேண்டிய வேலையை ஒரு இந்தியப் பெண் கறுப்பர்களுக்கு எழுதிக் கொடுக்கிறாள் என்று பேச்சு. வீட்டுக்கு டெலிபோன் வருகிறது, எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. போன வாரம் ரயிலடியில் நிறுத்தியிருந்த காரின் முன்கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். உள்ளே ஒன்றும் திருடு போகவில்லை. கமலினியை டெலிபோன் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்கிறாள்.

அவர் உங்களுக்குத் தனியாக எழுதப் போவதாகச் சொன்னார். என்ன எழுதுகிறார் என்று நான் பார்க்கவில்லை.

மன்னிக்கு நமஸ்காரம்.

அனுசூயா


ராக்ஸ்பரோ
6 அக்டோபர் 1978

மதிப்பிற்குரிய ஜம்புநாதன் அவர்களுக்கு,

அனந்தராமன் வணக்கம். தாங்களும் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் கம்பெனி போன வருஷக் கடைசியில் டொராண்டோவுக்குப் போய்விட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேலை இல்லை. அனுசூயா தங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன். நாற்பத்தாறு வயது எஞ்சினியருக்கு, பிரெஞ்சும் சரியாக வராதவனுக்கு, இந்த ஊரில் யாரும் நேர்முகத் தேர்வுகூட வைப்பதில்லை. காலையில் அனுசூயா ரயிலுக்குப் போன பிறகு நானும் சட்டை போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வருவேன், அக்கம்பக்கத்தார் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஜூனில் வைலி என்னைக் கூப்பிட்டார். அனுசூயா வக்கீலாக இருக்கும் அதே கம்பெனியில், கிரேன்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் எஞ்சினியர் வேலை. அதே திட்டத்தின் கீழ், முதல் பெயர் என்னுடையது. என் படிப்புக்குப் பொருத்தமான வேலை, யாருடைய தயவும் இல்லை. திட்டம் நடைமுறைக்கு வந்தால் நான் சேரலாம். அனுசூயாவின் இரண்டாவது பக்கம் ஒன்றுதான் தடை என்று அவரே என்னிடம் சொன்னார். அவளுடைய அபிப்பிராயத்தில் என்ன இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவரே அவர்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திட்டம் தொடங்கட்டும், குறைகளை உள்ளே இருந்து சரி செய்யலாம் என்பது என் கருத்து. கிரேனைச் சோதிப்பவன் நானாக இருந்தால் அந்த ஆட்களுக்கு நல்லதுதானே? அவள் கேட்பது தங்கள் பேச்சு ஒன்றைத்தான். தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
அனந்தராமன்


மேற்கு மாம்பலம்
20 நவம்பர் 1978

சௌ. அனுசூயாவுக்கும் மாப்பிள்ளை அனந்தராமனுக்கும்,

ஆசீர்வாதம். இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய கடிதம், ஆகவே ஒன்றாகவே எழுதுகிறேன். இங்கே ஒரே மழை. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பதே இப்போதைக்கு நல்ல சேதி.

மாப்பிள்ளையின் கடிதம் வந்ததும் நான் ஒரு பதில் எழுதினேன். அனுசூயா, கேட்டதற்குப் பதில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள், குடும்பம் முக்கியம் என்று. ஒட்டி வைத்தும் ஆயிற்று. போஸ்ட் பண்ணக் கொடுத்தபோது மன்னி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். நம் வீட்டில் இந்த ஒதுக்கீட்டின் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள் அவள், உங்களுக்குத் தெரியும். கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "கோவிந்துவுக்குக் கிடைக்காமல் போனது ஒரு காலேஜ். அந்த மனுஷர்களுக்குப் போகப்போவது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துமா இதை எழுதினீர்கள்?" என்றாள். கடிதத்தை நானே கிழித்துவிட்டேன். இத்தனை நாள் எழுதாததற்கு இதுதான் காரணம்.

மாப்பிள்ளை, வேலையில் சேருங்கள். வேலையில்லாமல் இருப்பது குற்றமும் இல்லை, வேலையை ஒப்புக்கொள்வது தப்பும் இல்லை. ஆனால் உங்கள் கண்ணால் பார்க்காத எதிலும், பார்த்துத் திருப்திப்படாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அனுசூயா, இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் உன் அபிப்பிராயம். பிரிக்காதே.

ஜம்புநாதன்


ராக்ஸ்பரோ
28 டிசம்பர் 1978

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும்,

நமஸ்காரம். வெளியே இடுப்பளவு பனி. உள்ளே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறோம்.

நான் பிரிக்கவில்லை. அவர்கள் வெளியிலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். முதல் கேள்வியை மட்டும் அவரிடம் கேட்டார்கள். செல்லும் என்று அவர் எழுதிக் கொடுத்தார், அவர் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது. திட்டம் தொடங்கிவிட்டது. என்னைச் சேதப்பட்ட சரக்குக்கான புகார்களைப் பார்க்கப் பின்பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜன்னல் இல்லை. யாரும் வருவதில்லை.

கமலினியின் அப்பா டிசம்பர் முதல் தேதி சேர்ந்தார். லூசியனையும் சேர்த்து ஹெய்ட்டிக்காரர்கள் பதினோரு பேர் அதே வாரம் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு லூசியனும் சிமோனும் குழந்தைகளோடு பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாங்களே செய்த கேக். நான்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று நினைக்கிறார்கள். சிமோன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, லூசியன் இப்போது தூக்கத்தில் பேசுவதில்லை என்றாள். லூசியன் பெரிய பூட்ஸைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் இதைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் பையன்கள் ஓடியிருப்பார்கள் என்றார். குழந்தைகள் கமலினியோடு பனியில் விளையாடினார்கள். எந்தக் கிரேனடியில் வேலை என்று இவர் கேட்டார். மூன்று, என்றார் லூசியன். நான் எழுந்து காபி போடப் போனேன். கம்பெனி வக்கீலாக எனக்குத் தெரிந்ததை அவர்களிடம் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

இவர் இரண்டு தடவை மூன்றாம் கிரேனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். வசந்தத்தில் பார்க்கலாம் என்று பதில். சான்றில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சாப்பாட்டில் நாட்டமில்லை. நேற்றைக்குக் கமலினியிடம், "எல்லாரும் ஏறி வெளியே வாருங்கள் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். அவள் சொல்லிக் கொடுத்தாள். அவளையே நாலைந்து தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அனுசூயா


மேற்கு மாம்பலம்
19 பிப்ரவரி 1979

அனுசூயாவுக்கு ஆசீர்வாதம்.

ஜனவரி முழுக்கக் கடிதம் இல்லை. தந்தி கொடுத்தேன், 'க்ஷேமம், கடிதம் பிறகு' என்று மூன்று வார்த்தை வந்தது. அதில் மாப்பிள்ளை பெயரும் இல்லை. யார் க்ஷேமம்? மன்னி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதுவானாலும் எழுது.

ஜம்புநாதன்


ராக்ஸ்பரோ
26 மார்ச் 1979

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும்,

நமஸ்காரம். அவர் உயிரோடு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை முடிகிறவரை என்னால் எழுத முடியவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, நல்ல குளிர். கிரேனின் கம்பி வடத்தில் பனிக்கட்டி பிடித்திருந்தது. அவர் ஏறிப் பார்த்திருக்கிறார். வடத்தில் இழைகள் அறுந்து நின்றன. கீழே வந்து கிரேனின் விசையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கப்பலின் அடித்தட்டு வாசலில் நின்று கமலினி சொல்லிக் கொடுத்த வார்த்தைகளைச் சத்தம் போட்டுச் சொன்னார். பதினோரு பேரும் ஏறி மேலே வந்தார்கள். வைலி இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். சான்றில் கையெழுத்துப் போடுங்கள், அல்லது சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். இவர் சாவியைக் கொடுக்கவில்லை. அங்கே ஃபோர்மனிடம் இன்னொரு சாவி இருந்திருக்கிறது.

ஃபோர்மன் அவர்களிடம், இறங்காதவன் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னாராம். யூனியன் ஆட்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் யாரும் அசையவில்லை. லூசியன் இறங்கினார். அவர் பின்னால் இரண்டு பேர். மூன்றாவது கன்டெய்னர் மேலே போகும்போது வடம் அறுந்தது. மற்ற இருவரும் ஓரத்தில் இருந்ததால் பிழைத்தார்கள்.

இவர் ஆபீஸ் ஜன்னல் வழியாகச் சத்தத்தைக் கேட்டார். நான் பின்பக்கத்து அறையில் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.

மரண விசாரணைக்கு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கம்பெனிக்கு இந்த ஆபத்து முன்பே தெரியுமா என்று கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்து, இவர் எங்கள் வக்கீல், தொழில் ரகசியம் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. விசாரணை அதிகாரியும் ஒப்புக்கொண்டார். நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். முன்வரிசையில் சிமோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது இவர். இவர் வக்கீல் இல்லையே. வட்டாரத்துப் பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் இங்கிலீஷில், மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னார். வேலை தருகிறேன், மனைவியின் இரண்டாவது பக்கத்தை எடுக்கச் சொல் என்று வைலி பேசியதை. தான் அதற்கு ஒப்புக்கொண்டதை. அவளுடைய அண்ணாவுக்குத் தானே கைப்பட எழுதியதை. அதையெல்லாம் உங்களை யாரும் கேட்கவில்லையே என்று கம்பெனி வக்கீல் குறுக்கிட்டார். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம்" என்றார் இவர். அதற்குப் பிறகு யாரும் குறுக்கிடவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் இப்போது வேலை இல்லை.

அனுசூயா


மேற்கு மாம்பலம்
16 ஏப்ரல் 1979

அன்புள்ள அனுசூயா,

ஆசீர்வாதம். கடிதத்தை மன்னியிடம் கொடுத்தேன், அவளே படித்தாள். படித்துவிட்டு சுவாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள், யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம். ஆசீர்வாதம் இல்லை, நமஸ்காரம். சொல்லிவிடு.

நீ தொழிலை விட்டுவிடாதே.

ஜம்புநாதன்


ராக்ஸ்பரோ
11 ஜூன் 1979

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும்,

நமஸ்காரம். மூவரும் நலம். வீட்டை விற்கக் கொடுத்திருக்கிறோம். அவருக்கு ஹாமில்டனில் ஒரு சின்ன எஃகுக் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று யோசிக்கிறேன். அதைப் பற்றி இன்னும் முழுக்கப் பேசவில்லை. டெலிபோன் தொல்லை நிற்கவில்லை. இப்போது யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, யூனியன் பக்கமா, கம்பெனிப் பக்கமா.

திட்டத்தைப் பற்றி ஒட்டாவாவின் மனித உரிமைக் கமிஷனிடமிருந்து முடிவு வந்துவிட்டது. ஒதுக்கீடு செல்லும். பயிற்சியாளர் வாசகம் செல்லாது. என்னுடைய இரண்டு பக்கத்தில் இருந்ததேதான், வாக்கியம் மட்டும் வேறு. மீதிப் பத்துப் பேரும் நிரந்தரம், யூனியன் ஒப்பந்தம் அவர்களுக்கும் உண்டு. மூன்றாம் கிரேனைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். வைலியை வேறு துறைமுகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், பெரிய பதவி என்று கேள்வி.

நேற்று சிமோன் வந்தாள். குழந்தைகளை அழைத்து வரவில்லை. விசாரணைக்குப் பிறகு நான் அவளை இரண்டு முறை பார்க்கப் போனேன், இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. நேற்று அவளாகவே மணியடித்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வேலை ஒப்பந்தத்தை எடுத்து வைத்தாள். அதே கம்பெனி, அதே திட்டம். கிட்டங்கியில் சரக்கு சரிபார்க்கிற வேலை. புருஷன் இறந்த இடத்தில் வேலை செய்ய முடியுமா என்று நான் கேட்கவில்லை. என் பார்வையிலேயே அது தெரிந்துவிட்டது போலும். குழந்தைகளுக்குச் சாப்பாடு வேண்டும், வேறு யாரும் கூப்பிடவில்லை என்றாள். ஒவ்வொரு வரியாகப் படித்து எனக்கு அர்த்தம் சொல்லுங்கள் என்றாள்.

படித்தேன். பிரெஞ்சில் ஒவ்வொரு வரியாக, சிறிய எழுத்துகளையும் சேர்த்து. அவரும் வந்து கதவோரம் நின்றார். முடித்துவிட்டு, இது சரியாக இருக்கிறது, மற்றவர்களுக்குள்ள எல்லா உரிமையும் உங்களுக்கும் இருக்கிறது, கையெழுத்துப் போடலாம் என்றேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "லூசியனுடையதும் சரியாக இருந்ததா?" என்று கேட்டாள்.

அண்ணா, வேலையை விட்டாலும் அந்த ரகசியம் என்னை விடாது. கம்பெனிக்காக நான் எழுதிய அபிப்பிராயம் சாகிறவரை அவர்களுடையது. அவர் விசாரணையில் சொன்னது அவர் காதால் கேட்டது. அதை நான் என் வாயால் உண்மை என்று சொன்னால் என் வக்கீல் தொழிலே போய்விடலாம். இதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இல்லை" என்றேன். "அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வேலையில் சேருவதற்கு முன்பே தெரியும்."

அவள் அழவில்லை. தலையசைத்தாள், ஏதோ கணக்கு ஒத்துப் போனது போல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசல் வரை கூடவே போனேன். நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

மன்னியின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள்,
அனுசூயா